பந்து யார் கைக்கு?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தாக்கும் அணியின் பதினொரு பேரில் ஐவர் முன்வரிசையில் நின்று எதிராளியை மறிப்பதற்கென்றே இருப்பவர்கள். பந்தை வீசவும் சுமந்து ஓடவும் பிடிக்கவும் மீதி ஆறு பேர்தான். அவர்களில் ஒருவர் குவார்ட்டர்பேக். மற்ற ஐந்து இடங்களில் ரன்னிங் பேக், டைட் எண்ட், வைட் ரிசீவர் என்று யாரை எத்தனை பேராக நிறுத்துவது என்பது பயிற்சியாளரின் முடிவு. ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஏறத்தாழ 70 நகர்வுகள் கிடைக்கும். அவற்றில் யாருக்கு எத்தனை தடவை, மைதானத்தின் எந்த மூலையில் பந்து போய்ச் சேர வேண்டும் என்று பங்கு பிரிப்பதே தாக்குதல் பயிற்சியாளரின் தொழில். கரும்பலகையில் போடும் வட்டமும் அம்பும் அதற்குப் பிறகு வருபவை.

தொழில்முறை அணி தனக்கு வேண்டிய ஆளைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். கல்லூரிக்கு நெடுங்காலம் அந்த வசதி இருந்ததில்லை. பதினெட்டு வயதில் பள்ளியிலிருந்து வருகிற பையன் நாலைந்து வருடத்தில் போய்விடுவான். வந்தவர்களில் யார் தேறுவார்கள் என்பது இரண்டாம் ஆண்டுக்கு முன் தெரியாது. கட்டாயப் பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே என்ற விதி 1990களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. இந்த நெருக்கடியில் பேர் வாங்கிய பயிற்சியாளர்கள் எல்லோரும் கையிலிருக்கும் ஆட்களை முதலில் பார்த்து, அவர்களுக்கேற்ற ஆட்டத்தைப் பிறகு அமைத்தவர்கள். தன் ஆட்டத்துக்குள் ஆட்களைத் திணித்தவர்களுக்கு நல்ல சீசன்கள் அமைந்ததுண்டு. ஆனால் அவை தொடர்ந்து அமைந்தது அபூர்வம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1940இல் நடந்தது இதற்குப் பழைய சாட்சி. முந்தைய ஆண்டு அந்த அணி ஒரே ஒரு ஆட்டத்தில்தான் வென்றிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் கால்பந்தைக் கைவிட்டதால் வேலையிழந்து வந்த கிளார்க் ஷாகனெஸி பெரும்பாலும் அதே ஆட்களை வைத்துக்கொண்டு தொடங்கினார். அன்று எங்கும் ஆடப்பட்ட சிங்கிள் விங் முறையில் டெயில்பேக் என்ற ஒருவரே ஓட வேண்டும், வீச வேண்டும், முட்டி மோதவும் வேண்டும். அந்த இடத்தில் இருந்த ஃபிராங்கி ஆல்பர்ட் சிறிய உடம்புக்காரர், பெரிய வேகமும் இல்லை. ஆனால் கைகள் சாமர்த்தியமானவை. பந்து யாரிடம் இருக்கிறது என்பதை எதிரியின் கண்ணிலிருந்து மறைக்கத் தெரிந்தவை. ஷாகனெஸி அவரை டி அமைப்பில் சென்டருக்குப் பின்னால் ஒட்டி நிற்க வைத்தார். ஓடுகிற வேலை நார்ம் ஸ்டாண்ட்லீ, ஹ்யூ கல்லர்னோ, பீட் கெமெட்டோவிச் ஆகிய மூவருக்கும் போனது. ஆல்பர்ட்டுக்குக் கொடுப்பதும் கொடுப்பதுபோல் காட்டி வைத்துக்கொள்வதும் வீசுவதும் வேலை. அந்த சீசனில் ஸ்டான்ஃபோர்ட் பத்து ஆட்டத்திலும் வென்றது. புத்தாண்டு ரோஸ் பௌலில் நெப்ராஸ்கா 21–13 என்று தோற்றது. அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுவதும் டி அமைப்புக்கு மாறியது. ஷாகனெஸியின் அணியில் ஆட்கள் மாறவில்லை, அவர்கள் நின்ற இடம்தான் மாறியது என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

ஒருவர் தோளிலேயே ஆட்டத்தை ஏற்றும் வழியைத் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் முழுமைக்குக் கொண்டுபோனது. ஜான் மெக்கேயின் ஐ அமைப்பில் டெயில்பேக் ஏழு கஜம் பின்னால் நிமிர்ந்து நிற்பார். முன்னால் ஃபுல்பேக். இடைவெளி எங்கே திறக்கிறது என்று பார்க்க அந்த ஏழு கஜம் அவகாசம் கொடுக்கும். மைக் கேரட் 1965இலும் ஓ.ஜே. சிம்ப்சன் 1968இலும் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியது அந்த இடத்திலிருந்துதான். ஓர் ஆட்டத்தில் முப்பது, நாற்பது தடவை ஒரே ஆளிடம் பந்து போகும். இந்த ஏற்பாட்டின் நன்மை, களைத்துப் போகிற தற்காப்பு அணியின் மேல் நான்காம் கால்பகுதியில் அதே ஆள் அதே வேகத்தில் வந்து விழுவது. தீமை, அந்த ஆளின் முழங்காலும் கணுக்காலும் கொடுக்கிற விலை.

அதே பல்கலைக்கழகத்தில் ஜான் ராபின்சன் பயிற்சியாளராக இருந்தபோது மார்கஸ் ஆலன் தற்காப்பு ஆட்டக்காரராக வந்து சேர்ந்தார். ராபின்சன் அவரை ரன்னிங் பேக் பக்கம் மாற்றினார். ஆனால் டெயில்பேக் இடத்தில் சார்ல்ஸ் வைட் இருந்தார். அதனால் 1979 சீசன் முழுக்க ஆலன் ஃபுல்பேக்காக முன்னால் ஓடி வைட்டுக்கு வழி திறந்தார். அந்த ஆண்டு ஹைஸ்மன் வைட்டுக்கு. இரண்டு ஆண்டு கழித்து, 1981இல், ஆலன் 2,342 கஜம் ஓடினார். ஒரே சீசனில் 2,000 கஜத்தைக் கடந்த முதல் கல்லூரி ஆட்டக்காரர் அவர்தான்; ஹைஸ்மனும் கிடைத்தது. ஒரு வருடம் மறித்துப் பழகியவருக்கு இடைவெளி எப்படித் திறக்கும், எந்தக் கணத்தில் மூடும் என்பது உடம்பில் ஏறியிருக்கும். அந்த ஆண்டை வீணான ஆண்டு என்று எந்த நல்ல பயிற்சியாளரும் சொல்ல மாட்டார். ஓக்லஹோமா ஸ்டேட்டில் தர்மன் தாமஸுக்குப் பின்னால் இரண்டு சீசன் காத்திருந்த பேரி சாண்டர்ஸின் கதையும் இதே வகை. டெயில்பேக் இடம் காலியாக இல்லை என்பதால் அவரிடம் கிக்ஆஃபைத் திருப்பிக் கொண்டுவரும் வேலை தரப்பட்டது. திறந்த வெளியில் முழு வேகத்தில் வருகிற பதினொரு பேரைப் பார்த்து ஓடப் பழகியவர், 1988இல் இடம் கிடைத்ததும் பதினோரு ஆட்டங்களில் 2,628 கஜம் ஓடினார்.

இதற்கு நேர் எதிரான கேள்வி 1968 கோடையில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எழுந்தது. அங்கே கிறிஸ் கில்பர்ட், டெட் கோய், ஸ்டீவ் வோர்ஸ்டர் என்று மூன்று நல்ல ஓட்டக்காரர்கள். மூவரையும் ஒரே சமயத்தில் களத்தில் வைக்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் டாரல் ராயல் இந்த வேலையைத் தன் உதவியாளர் எமரி பெல்லார்டிடம் ஒப்படைத்தார். பெல்லார்ட் ஃபுல்பேக்கைக் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னாலும், இரண்டு ஹாஃப்பேக்குகளை அவருக்குச் சற்றுப் பின்னால் இருபுறமும் நிறுத்தினார். மேலிருந்து பார்த்தால் ஒய் எழுத்து போலத் தெரியும் அந்த அமைப்புக்கு விஷ்போன் என்று பேர் விழுந்தது. பந்து கிளம்பியதும் குவார்ட்டர்பேக் அதை ஃபுல்பேக் வயிற்றில் வைப்பார். மறிக்காமல் விடப்பட்ட தற்காப்பு ஆட்டக்காரர் ஃபுல்பேக்கை நோக்கி வந்தால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடுவார். அடுத்தவர் தன்னைப் பிடிக்க வந்தால் பக்கத்தில் ஓடி வரும் ஹாஃப்பேக்குக்குத் தட்டிவிடுவார். மூன்று பேரில் யாருக்குப் பந்து என்பதை எதிரணியே தீர்மானிக்கிறது. எப்படித் தீர்மானித்தாலும் தவறாகிவிடுகிறது.

தொடக்கத்தில் சரிவரவில்லை. ஹூஸ்டனுடன் 20–20 சமன், டெக்சஸ் டெக்கிடம் தோல்வி. பயிற்சியாளர்கள் இரண்டு மாற்றம் செய்தார்கள். வோர்ஸ்டர் குவார்ட்டர்பேக்குக்கு மிக நெருக்கமாக நின்றதால் பார்த்து முடிவெடுக்க நேரம் போதவில்லை; அவரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார்கள். பெரும் புகழோடு இருந்த பில் பிராட்லியை எடுத்துவிட்டு ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டைக் குவார்ட்டர்பேக்காக வைத்தார்கள். ஸ்ட்ரீட் வீசுவதில் சாதாரணம். ஆனால் அந்த அரை நொடி முடிவில் தடுமாற மாட்டார். அதன்பிறகு டெக்சஸ் தொடர்ந்து 30 ஆட்டங்கள் வென்றது. பிராட்லி தற்காப்புப் பக்கம் மாறி, பின்னாளில் தொழில்முறைக் களத்தில் அந்த இடத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவரானார். மாற்றம் இருவருக்கும் நல்லதாக அமைந்தது. ராயல் இந்த முறையைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் மோதவேண்டிய ஓக்லஹோமா 1970 சீசனின் நடுவிலேயே விஷ்போனுக்கு மாறியது. அலபாமாவின் பேர் பிரையன்ட் 1971இல் அவரிடமே கற்றுக்கொண்டார்.

ஓக்லஹோமாவில் அதைச் செய்தவர் அப்போது உதவிப் பயிற்சியாளராக இருந்த பேரி ஸ்விட்சர். முதல் சோதனையில் டெக்சஸ் அவர்களை 41–9 என்று நொறுக்கியது. இருந்தும் விடவில்லை. கிரெக் புரூட் என்ற ரிசீவரை ஹாஃப்பேக்காக உள்ளே கொண்டுவந்தார்கள். அவரிடம் பந்து வருவது வரிசையின் விளிம்பில், எல்லாரும் உள்ளே குவிந்துவிட்ட பிறகு. அந்த இடத்தில் அவருடைய வேகத்துக்குப் பதில் இருக்கவில்லை. 1971இல் தூக்கிய ஒவ்வொரு பந்துக்கும் சராசரியாக 9 கஜத்துக்கு மேல் ஓடினார். அணி ஓர் ஆட்டத்துக்கு 472.4 கஜம் ஓடிச் சேர்த்தது. வேகமான ஆளை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு அந்த சீசன் தந்த விடை: பந்து அவரிடம் சேரும்போது அவருக்கு எதிரே ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. பிறகு வந்த எல்லா முறைகளும் இதையே வேறு வேறு வழியில் சாதித்தன.

ஓடியே ஆடும் அணிகளில் ரிசீவருக்கு என்ன வேலை என்று பார்வையாளர்கள் கேட்பதுண்டு. ஒருவர் 60 கஜம் ஓடினார் என்றால் முதல் பத்து கஜம் முன்வரிசையின் உழைப்பு, மீதியில் பெரும்பகுதி ரிசீவருடையது. வீச்சுக்குப் போவதுபோலவே முழு வேகத்தில் தற்காப்பாளரை நோக்கி ஓடி, அவர் பின்வாங்கத் தொடங்கியதும் இரண்டு அடி தூரத்தில் வேகத்தை அடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, உள்ளங்கைகளை அவர் மார்புத் தட்டின் உட்புறத்தில் வைத்து, அவர் போகும் பக்கமெல்லாம் கூடவே நகர வேண்டும். கை வெளியே போய்ப் பிடித்தால் பிழை, 10 கஜம் போய்விடும். முட்டித் தள்ள வேண்டாம். இரண்டு நொடி குறுக்கே நின்றால் போதும். டாம் ஆஸ்பர்னின் நெப்ராஸ்கா 1994, 1995, 1997 ஆண்டுகளில் சாம்பியன் ஆனதில் மறித்துப் பழகிய ரிசீவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மறிக்க மாட்டேன் என்கிற ரிசீவருக்குப் பந்தும் கிடையாது என்பது பல பயிற்சியாளர்களின் எழுதாத சட்டம்.

அதற்கான கூலி வேறு வழியில் வரும். ஜார்ஜியா டெக்கில் பால் ஜான்சன் 2008 முதல் விஷ்போனின் வாரிசான ஃப்ளெக்ஸ்போனை ஆடினார். 2009இல் அவருடைய ரிசீவர் டிமேரியஸ் தாமஸ் 46 பந்துகள்தான் பிடித்தார். அதில் கிடைத்தது 1,154 கஜம். ஒரு பிடிப்புக்கு 25 கஜம். ஓட்டத்தைத் தடுக்கப் பின்வரிசை மொத்தமும் முன்னால் ஏறி வந்துவிடுவதால் அவரைத் தனியாளாகத்தான் காக்க முடிந்தது. அடுத்த ஆண்டு தொழில்முறை அணித் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார். ஓட்ட அணியில் ரிசீவரின் எதிர்காலம் பாழ் என்று பள்ளி மாணவர்களிடம் சொல்லி ஆள் பிடித்தவர்களுக்கு அந்தத் தேர்வு தக்க பதில்.

மேற்கே யூட்டாவில், பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில், லாவெல் எட்வர்ட்ஸ் 1972இல் பொறுப்பேற்றார். அவர் தற்காப்புப் பயிற்சியாளர். பெரிய பல்கலைக்கழகங்களோடு போட்டியிட்டு முன்வரிசைக்குப் பெருத்த ஆட்களைப் பிடிக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு வீச்சு ஆட்டத்தை எடுத்தார். அங்கே ரன்னிங் பேக்கும் டைட் எண்டும் கூடப் பிடிக்கிறவர்கள். தூரத்தில் ஆள் கிடைக்காவிட்டால் பக்கத்தில் நிற்கிற ரன்னிங் பேக்குக்கு ஐந்து கஜத்தில் கொடுத்துவிடுவது அங்கே முறையான திட்டம். எட்டாவது குவார்ட்டர்பேக்காக வந்து, தற்காப்புக்கு மாற்றலாமா என்று யோசிக்கப்பட்ட ஸ்டீவ் யங் அங்கிருந்துதான் எழுந்தார். அவர் போன பிறகு, 1984இல், அணி 13 ஆட்டமும் வென்று தேசிய சாம்பியன் ஆனது. அந்த ஆட்டத்தை ஊன்றிப் பார்த்தவர்களில் இருவர் ஹால் மம்மியும் மைக் லீச்சும். லீச் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்தவர், ஆனால் அணியில் ஆடியவரல்ல; பிறகு சட்டம் படித்துவிட்டுப் பயிற்சியாளர் தொழிலுக்கு வந்தார். அயோவா வெஸ்லியன் என்ற சிறிய கல்லூரியில் 1989இல் இருவரும் தொடங்கியது பின்னால் ஏர் ரெய்ட் என்று பேர் பெற்றது.

ஏர் ரெய்டின் முதல் சிறப்பு அதன் சுருக்கம். மற்ற அணிகள் தொலைபேசிப் புத்தகம் போல நகர்வுகளை அச்சடித்துக் கொடுத்தபோது இவர்கள் இருபது சொச்சம் வீச்சு நகர்வுகளையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். இடது விளிம்பில் நிற்கிற ரிசீவர் என்றும் இடது விளிம்பிலேயே, வலது ஆள் வலதிலேயே. ஒரே பக்கம், ஒரே பாதங்கள், அதே வெட்டும் திருப்பம். வாரத்துக்கு 20 மணி நேரத்தில் பையன்கள் ஆயிரக்கணக்கான தடவை செய்து பார்க்க அதுதான் வழி. இரண்டாவது சிறப்பு பங்கீடு. ஓட்டம் பாதி, வீச்சு பாதி என்பதைச் சமநிலையாக லீச் ஏற்கவில்லை. களத்தில் நிற்கிற ஐந்து பேரும் பந்தைத் தொட வேண்டும், ஐவரும் கஜம் சேர்க்க வேண்டும், அதுதான் சமநிலை என்பது அவர் கடைசிவரை சொல்லிவந்த கருத்து. தொடாத ஒருவர் இருந்தால் எதிரணி அவரைக் கவனிக்க வேண்டிய ஆளை வேறு பக்கம் அனுப்பிவிடும். இந்தத் தொழிலில் சொல்லப்பட்டவற்றில் மிகவும் பயனுள்ள கருத்து இதுவாகவே இருக்கலாம்.

டெக்சஸ் டெக்கில் அவர் 2000 முதல் 2009 வரை இருந்தார். வெஸ் வெல்கர் வெறும் ஐந்தடி ஒன்பது அங்குலம்; அவரைப் பெரிய பல்கலைக்கழகங்கள் சீந்தவில்லை. லீச் அவரை விளிம்பில் நிறுத்தாமல் உள்ளே ஸ்லாட் இடத்தில் நிறுத்தினார். அங்கே உயரம் தேவையில்லை. எதிரே நிற்கிற கனமான லைன்பேக்கர் திரும்புவதற்குள் குறுகிய இடத்தில் வெட்டித் திரும்பினால் போதும். மைக்கேல் கிராப்ட்ரீ பள்ளியில் குவார்ட்டர்பேக். டெக்கில் விளிம்பு ரிசீவராகி 2007இல், முதல் சீசனிலேயே, 134 பந்து பிடித்து 1,962 கஜமும் 22 டச்டவுனும் எடுத்தார். அதே அணியில் ஸ்லாட்டில் நின்ற டேனி அமெண்டோலாவும் அந்த ஆண்டு 109 பிடித்தார். பெரிய ஆளுக்கு நிறையக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைந்துபோகும் என்ற பயம் தேவையற்றது என்பதற்கு இந்த இரண்டு எண்களுமே போதும். மறு ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, நாட்டின் முதலிடத்தில் இருந்த டெக்சஸை அவர்கள் 39–33 என்று வீழ்த்தியபோது, ஒரு நொடி மிச்சமிருக்கையில் விளிம்பில் பந்தைப் பிடித்து உள்ளே திரும்பியவர் கிராப்ட்ரீதான்.

யாரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில் கல்லூரிக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. மைதானத்தின் அகலம் 160 அடி. நகர்வு தொடங்குவதற்கான ஹாஷ் கோடுகள் கல்லூரியில் ஒன்றுக்கொன்று 40 அடி தள்ளி இருக்கின்றன. தொழில்முறை மைதானத்தில் 18 அடி 6 அங்குலம்தான். பந்து இடது கோட்டில் இருந்தால் இடப்புறம் 60 அடி, வலப்புறம் 100 அடி. அகலமான பக்கத்தில் வேகக்காரர்களைப் பரப்பலாம். ஆனால் அந்த விளிம்புக்கு வீசப் பலமான கை வேண்டும். பந்து காற்றில் இருக்கும் நேரமும் அதிகம். குறுகிய பக்கத்துக்கு வீச்சு எளிது. எதிரணியோ அகலமான பக்கத்தைக் காக்கவே ஆட்களை அனுப்பும். அதனால் தனியாக நின்று ஒருவரை வெல்லத் தெரிந்த பெரிய ரிசீவரைப் பல பயிற்சியாளர்கள் குறுகிய பக்கத்தில் தனியே விடுவார்கள். தொலைக்காட்சியில் ஒரு பக்கம் மூன்று பேரும் மறுபக்கம் ஒருவரும் நிற்பதைப் பார்த்தால், அந்த ஒருவர் பெரும்பாலும் அணியின் சிறந்த ரிசீவர்.

ஓட்டத்தையும் பரவலையும் சேர்த்துக் கட்டியவர் ரிச் ராட்ரிகஸ். மேற்கு வர்ஜீனியாவில் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் 1990களின் தொடக்கத்தில் அவர் இருந்தபோது, பயிற்சியில் குவார்ட்டர்பேக் ஜெட் ட்ரென்னிங் பந்தை ரன்னிங் பேக்கிடம் சரியாகக் கைமாற்ற முடியாமல், கடைசித் தற்காப்பாளர் உள்ளே பாய்ந்ததைப் பார்த்து அவர் விட்டுப்போன வெளியில் ஓடினார். ஏன் அப்படி ஓடினாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ராட்ரிகஸ் அதையே நகர்வாக்கினார் என்பது அவர் பலமுறை சொல்லியிருக்கும் கதை. இன்று அதன் பேர் ஸோன் ரீட். உள்ளே நடப்பது இதுதான். குவார்ட்டர்பேக் ஐந்து கஜம் பின்னால் பந்தை வாங்குகிறார். பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக் அவர் முன்னால் குறுக்கே வருகிறார். உள்பக்க முழங்கையை உயர்த்தி, மற்றதைத் தாழ்த்தி, வயிற்றில் பந்துக்கு இடம் விட்டு வருவார். குவார்ட்டர்பேக் பந்தை அதில் வைத்துக் கூடவே ஓரடி நகர்வார். கண் மட்டும் பந்தில் இல்லை, மறிக்காமல் விடப்பட்ட கடைசி ஆளின் தோளில் இருக்கும். தோள் உள்ளே திரும்பினால் பந்தை உருவிக்கொள்வார். திரும்பாவிட்டால் விட்டுவிடுவார். ரன்னிங் பேக் பந்தைப் பறிக்கக் கூடாது, மெல்ல அணைத்து வைத்திருக்க வேண்டும். பந்து தங்கினால் மட்டும் இறுக்க வேண்டும். இருவரும் ஒரே சமயம் இழுத்தால் பந்து தரையில். பருவம் தொடங்கும் முன்பே இதைத் தினமும் ஓட்டிப் பார்ப்பார்கள்.

இதன் மேல் ஒரு வீச்சையும் ஏற்றியதுதான் ஆர்.பி.ஓ. முன்வரிசை ஓட்டத்துக்காக மறிக்கும். குவார்ட்டர்பேக் லைன்பேக்கரைப் பார்த்து, அவர் ஓட்டத்தை நோக்கி ஏறினால் அவர் விட்ட இடத்துக்குப் பந்தை வீசுவார். வீசுவதற்குள் முன்வரிசை ஆட்கள் 3 கஜம் வரை முன்னேறியிருக்கலாம் என்று கல்லூரி விதி அனுமதிக்கிறது. தொழில்முறையில் ஒரு கஜம்தான். அந்தக் கூடுதல் இரண்டு கஜம் இல்லாவிட்டால் இந்த நகர்வு கல்லூரிகளில் இவ்வளவு பரவியிருக்காது.

அர்பன் மேயர் புளோரிடாவில் இருந்தபோது பர்சி ஹார்வினை நிறுத்திய விதம் பின்னால் எல்லோருக்கும் பாடமானது. ரிசீவராகப் பட்டியலில் இருப்பார். நகர்வுக்கு முன் குறுக்கே ஓடிவந்து பந்தை வாங்குவார். சில சமயம் ரன்னிங் பேக் இடத்திலேயே நிற்பார். கல்லூரிக் காலம் முழுவதும் ஓடிய ஒவ்வொரு தடவைக்கும் சராசரி 9.5 கஜம். 2008 சீசனின் இறுதி ஆட்டத்தில், கணுக்காலில் காயத்தோடு, ஒன்பதே ஓட்டத்தில் 122 கஜம் எடுத்தார். புளோரிடா ஓக்லஹோமாவை 24–14 என்று வென்றது. அதே மேயர் 2006இல் முதலாண்டு மாணவர் டிம் டீபோவை முழு ஆட்டத்துக்கும் வைக்கவில்லை. மூத்தவர் கிறிஸ் லீக் ஆடினார். ஒன்றிரண்டு கஜம் தேவைப்படும் இடங்களில் மட்டும் டீபோ உள்ளே வந்து முட்டினார். புதியவருக்கு ஒரே வேலை, அதுவும் அவருக்குத் தெரிந்த வேலை. இளம் ஆட்டக்காரரை உள்ளே கொண்டுவர இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

பக்கத்து இடத்துக்கு மாற்றுவதன் உச்சம் 2012 நவம்பர் 17 அன்று மேற்கு வர்ஜீனியாவில் தெரிந்தது. டேவன் ஆஸ்டின் அதுவரை ஸ்லாட் ரிசீவர். பயிற்சியாளர் டேனா ஹோல்கர்சன் ஓக்லஹோமாவுக்கு எதிராக அவரை ரன்னிங் பேக்காக நிறுத்தினார். 21 ஓட்டத்தில் 344 கஜம். திருப்பிக் கொண்டுவந்தவை, பிடித்தவை எல்லாம் சேர்த்து 572. ஆட்டம் 50–49 என்று கைநழுவியது என்றாலும், அவ்வளவு நாள் அவர் ஏன் அந்த இடத்தில் நிற்கவில்லை என்ற கேள்வி பல பயிற்சி அறைகளில் எழுந்தது. தினமும் அங்கே நின்றிருந்தால் அவர் உடம்பு தாங்கியிருக்காது என்பதும் நியாயமான பதில்தான்.

குவார்ட்டர்பேக்குகளே இடம் மாறிய கதைகளும் உண்டு. ஜார்ஜியாவில் ஹைன்ஸ் வார்ட் குவார்ட்டர்பேக், டெயில்பேக், ரிசீவர் மூன்றும் ஆடினார். இண்டியானாவில் அன்ட்வான் ராண்டில் எல் குவார்ட்டர்பேக். 2006 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் சூப்பர் பௌலை வென்றபோது இருவரும் அந்த அணியின் ரிசீவர்கள். ஓடிக்கொண்டே ராண்டில் எல் வீசிய பந்தை வார்ட் பிடித்து 43 கஜ டச்டவுன் ஆக்கினார்.

ஆட்ட வேகம் கூடியதும் ஆட்களின் உருவமே மாறியது. சிப் கெல்லியின் ஓரிகன் 2009 முதல் கூடிப் பேசாமலே அடுத்தடுத்த நகர்வை ஓட்டியது. ஓரத்திலிருந்து படம் வரைந்த பலகைகளைத் தூக்கிக் காட்டினார்கள். விதிப்படி, தாக்கும் அணி ஆள் மாற்றினால் தற்காப்பு அணிக்கும் ஆள் மாற்ற நடுவர் நேரம் கொடுக்க வேண்டும். மாற்றாவிட்டால் அந்த அவகாசம் கிடையாது. ஆகவே, ஆளை மாற்றாமல் அமைப்பை மட்டும் மாற்றத் தெரிந்த ஒருவர் விலைமதிப்பற்றவர் ஆனார். பெரும்பாலும் அவர் டைட் எண்ட்: ஒரு நகர்வில் வரிசையில் நின்று மறிப்பார், அடுத்ததில் ஃபுல்பேக், அதற்கடுத்ததில் ஸ்லாட். அயோவாவில் கிர்க் ஃபெரன்ஸ் இந்த இடத்தைப் பல ஆண்டுகளாக வளர்த்தார். லைன்பேக்கராக வந்த டல்லஸ் கிளார்க் அங்கே டைட் எண்ட் ஆனார், 2019இல் டி.ஜே. ஹாக்கன்சன், நோவா ஃபேன்ட் இருவருமே முதல் சுற்றில் எடுக்கப்பட்டார்கள். ஜார்ஜியா 2021, 2022 இரண்டு ஆண்டும் சாம்பியன் ஆனதில் பிராக் பவர்ஸுக்குப் பெரும் பங்கு. 2022இல் கென்ட் ஸ்டேட்டுக்கு எதிராகப் பந்தைக் கையில் வாங்கி ஓடி 75 கஜ டச்டவுன் எடுத்தார். டைட் எண்டுக்கு இது நினைத்துப் பார்க்காத காரியம். பக்கத்தில் ஆறடி ஏழு அங்குல டார்னல் வாஷிங்டன் மலைபோல் நின்று மறித்தார். இருவரும் களத்தில் இருக்கும்போது எதிரணி சிறிய ஆட்களை அனுப்பினால் ஓட்டம், பெரிய ஆட்களை அனுப்பினால் வீச்சு.

பழக்கத்தை உடைப்பதற்கு உதாரணம் 2019இன் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், அதாவது எல்.எஸ்.யூ. நெடுங்காலம் ஓடியே ஆடிய அணி. ஸ்டீவ் என்ஸ்மிங்கரும், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து வந்த ஜோ பிரேடியும் ஐந்து பேரையும் பரப்பினார்கள். முந்தைய ஆண்டு விளிம்பில் நின்ற ஜஸ்டின் ஜெஃபர்சன் ஸ்லாட்டுக்கு வந்து 111 பந்து பிடித்தார். விளிம்பில் ஜமார் சேஸ் 1,780 கஜம். ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 55 பிடித்தார். ரன்னிங் பேக்கை ஓரத்துக்கு அனுப்புவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: அவர் பின்னாலேயே லைன்பேக்கர் போனால் எதிரணி ஆளுக்கு ஆள் காக்கிறது, கார்னர்பேக் நின்றால் இடத்தைக் காக்கிறது, பந்து கிளம்பும் முன்பே குவார்ட்டர்பேக் ஜோ பரோவுக்கு விடை தெரிந்துவிடும். பரோ 60 டச்டவுன் வீசினார். 15 ஆட்டமும் வெற்றி.

கடைசியாக வந்த மாற்றம் களத்துக்கு வெளியே நடந்தது. 2016 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் எல்.எஸ்.யூ.வின் லெனார்ட் ஃபோர்னெட்டும் தொழில்முறைத் தேர்வை முன்னிட்டுக் கடைசி பௌல் ஆட்டத்தில் ஆட மறுத்தார்கள். முந்தைய ஆண்டு மெக்காஃப்ரி ஓடியும் பிடித்தும் திருப்பிக் கொண்டுவந்தும் 3,864 கஜம் சேர்த்து சாண்டர்ஸின் 3,250 கஜச் சாதனையைத் தாண்டியவர். அந்த உழைப்பின் பாரம் அவருக்குத்தான் தெரியும். 2018இல் கல்லூரி மாறுவதற்கான போர்ட்டல் வந்தது. 2021 முதல், மாறியவர் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஜூலையில் விளம்பர வருமானமும் அனுமதிக்கப்பட்டது. பிட்ஸ்பர்க்கில் 2021இன் சிறந்த ரிசீவர் விருதை வாங்கிய ஜோர்டன் அடிசன் அடுத்த சீசனைத் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆடினார். 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் ஹைஸ்மன் வாங்கியவர்கள் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள்.

இதனால் பங்கீடு என்பது வெற்றிக்கான கணக்கு மட்டுமாக இல்லாமல், ஆளைத் தக்கவைக்கும் கணக்காகவும் ஆகிவிட்டது. பயிற்சியாளர் தேவையான ஆளைப் போர்ட்டலில் தேடலாம். அதே வாசல் வழியாகத் தன் மூன்றாவது ரிசீவரை இழக்கவும் நேரும். மார்கஸ் ஆலனைப் போல ஒரு முழு சீசன் இன்னொருவருக்காக மறித்துக் காத்திருக்க இன்று எந்த இளைஞரையும் இணங்க வைப்பது கடினம். ஒவ்வொரு வாரமும் இரண்டாம் வரிசை ஆட்களுக்கென்றே நான்கைந்து நகர்வுகளை ஒதுக்கி, அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, ஆட்டத்தில் சொன்னபடி கொடுக்கிற பயிற்சியாளர்களிடமே ஆட்கள் தங்குகிறார்கள்.